நாலாவது துணி

"சாவியத் திருப்பாத!"

கோதண்டபாணி போட்ட சத்தத்தில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருமுனையில் பறையடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கையை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில் இருந்த கருப்பன், சாவியிலிருந்து விரலை எடுத்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"திருப்பலண்ணே. என்னா ஆச்சு?"

"எறங்கு மொதல்ல."

பானெட் திறந்திருந்தது. இடது மட்கார்டின் மேல் மூன்று துணித் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. மஞ்சள் சேலையில் கிழித்தவை, ஓரங்களில் கரி பிடித்திருந்தன. கோதண்டபாணி மறுபடி எண்ணினான். மூன்றுதான். நழுவி விழுந்திருக்குமோ என்று பேட்டரிச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தான். இல்லை.

இஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் கூட்டுக்கு மேனிபோல்டு என்று பெயர். அதைக் கழற்றினால் நான்கு சிலிண்டர்களுக்கும் போகிற வாய் திறந்து கிடக்கும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் இஞ்சின் பாழ். அதனால் கழற்றிய கையோடு நான்கு வாயிலும் துணியை அடைப்பார்கள். திரும்ப மாட்டுவதற்கு முன்னால் நான்கையும் உருவுவார்கள். இப்போது மேனிபோல்டு மாட்டியிருந்தது. வெளியே மூன்று துணிகள். நாலாவது உள்ளே இருந்தால், சாவியைத் திருப்பிய மறுகணம் இஞ்சின் அதை இழுத்து விழுங்கிவிடும்.

மாட்டியது அவனுடைய அண்ணன் கொளஞ்சியப்பன். நேற்று சாயங்காலம் இதே வண்டியோரத்தில் செத்துப்போனவன். இப்போது வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் இருந்தான்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவன் வண்டி நிற்காத சூளை இல்லை. ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, வெள்ளைப் பிள்ளையார், எதுவானாலும் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போவான். ஒன்று உடையாமல் இறக்குவான். கொஞ்ச நாளாக வண்டி மேடு ஏறும்போது விசில் அடித்தது, கறும்புகை விட்டது. மேனிபோல்டில் மயிரிழை விரிசல். விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடையில் வேறொன்று பார்த்து வாங்கிவந்து, தானே மாட்ட உட்கார்ந்தான். கோதண்டபாணிக்கு சேத்தியாத்தோப்பில் சொந்தப் பட்டறை. ஆனாலும் தன் வண்டியில் தம்பி கை வைப்பது அண்ணனுக்குப் பிடிக்காது.

கரண்ட் போன பிறகு, அண்ணி கனகா வெளியே வந்து பார்த்திருக்கிறாள். வண்டியின் வீட்டுப் பக்கமாக, டிரைவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டார்ச் வெளிச்சத்தில் நாலு பேர் தூக்கினார்கள். பக்கத்துத் தெரு நர்ஸம்மா நாடி பார்த்துவிட்டு, "ஹார்ட் அட்டாக்குதான். ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்த ஒரு நொடி விடிவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நல்ல சாவு. யாருக்கும் தொல்லை இல்லாத சாவு. கனகா அழுகைக்கு நடுவே ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "ஒரு நொடிதானாம் இல்ல?"

பாடை கட்டலாமா என்று பேச்சு வந்தபோது அவள் தலையை அசைத்துவிட்டாள். "அவரு வண்டியிலயே போவட்டும்."

"நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போறத வுட்டுட்டு பீங்கான் ஏத்தற வண்டியிலயா?" என்றாள் மூத்தவள் ஆதிலட்சுமி. தம்பிகள் இருவருக்கும் அவள்தான் அக்கா.

"அதுலதான் போவணும்."

கருப்பன் கொளஞ்சியப்பனிடம் பல வருஷமாக லோடு ஏற்றி இறக்கியவன். வண்டியின் பின்பக்கத் தொட்டியில் இடம் வேண்டுமென்று, வைக்கோல் கட்டுகளை இருட்டிலேயே இறக்கி, வண்டிக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே மார்பளவு அடுக்கிவிட்டான். டிரைவர் கதவைத் திறக்க வழியில்லை. இப்போதும் இடது கதவு வழியாகத்தான் இறங்கி வந்தான்.

"மூணுதான் இருக்குதா?" என்று துணிகளைப் பார்த்தான்.

"இரு. கேட்டுட்டு வரேன்."

கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கம் கொடுத்த டிவியின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரை, அண்ணன் முகம் இருந்த இடத்தில் மட்டும் யாரோ வட்டமாகத் துடைத்திருந்தார்கள். கோதண்டபாணி கனகாவின் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணி, நேத்து எத்தினி துணி கிழிச்சுக் குடுத்தீங்க?"

"பொணம் வூட்ல கெடக்குது, இவன் கந்தத் துணிக்குக் கணக்குக் கேக்க வந்துட்டான்" என்றாள் ஆதிலட்சுமி.

கனகா அவளைப் பார்க்கவில்லை. "நாலு. என் மஞ்ச சேலையில. நாலுதான் கேட்டாரு."

"செரி அண்ணி."

"மூணுதான் இருக்குதா?"

எழுந்திருக்கப் போன கோதண்டபாணி மறுபடி குந்தினான்.

"மறக்கற ஆளு இல்லியே தம்பி. ஒவ்வொரு தடவையும் மூடறதுக்கு முன்னாடி துணிய வரிசையா போட்டு வெச்சுட்டு என்னைக் கூப்புடுவாரு. 'எண்ணிக்கடி, அப்பறம் என்ன கொற சொல்லாத'ம்பாரு. நான் என்னாத்தக் கண்டேன். வந்து நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டுப் போவேன்." மூக்கைச் சிந்தினாள். "நேத்து கூப்புடல. கூப்ட்டாரோ என்னவோ, கிரைண்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு."

புதிதாக வந்த இரண்டு பெண்கள் வாசற்படியிலிருந்தே ஓலமிட்டபடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். கோதண்டபாணி வெளியே வந்துவிட்டான்.

பங்குனி வெயில் பானெட்டின் மேல் சுட்டது. துணி கீழே விழுந்திருந்தால் நல்லது என்று, வண்டியின் தெருப்பக்கமாகக் குனிந்து அடியில் பார்த்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. செருப்புக் காலால் தள்ளி மூடிய மண். அதன் ஓரத்தில் எறும்புகள் சாரை பிடித்திருந்தன. கோதண்டபாணி ஒரு குச்சியால் கிளறினான். புளித்த வாடை வந்தது. சோற்றுப் பருக்கை.

அங்கேயே குந்தியிருந்தான். அந்த இடம் சமையலறை ஜன்னலுக்குத் தெரியாது. அண்ணன் இங்கே வந்து வாந்தி எடுத்துவிட்டு, அதை மூடுகிறவரைக்கும் நிற்கவும் முடிந்து, பிறகு திரும்பி வேலைக்குப் போயிருக்கிறான்.

"என்னாண்ணே, இருக்குதா?"

"இல்ல. பன்னெண்டு நம்பர் ஸ்பேனர எடு. கழட்டணும்."

மேனிபோல்டைப் பிடித்திருந்த நட்டுகள் எட்டு. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோடு. அது அண்ணனின் பழக்கம். பீங்கான் பொம்மைக்கு அச்சில் ஊற்றுகிற வெள்ளை மண்குழம்பு கொஞ்சம் பேட்டையிலிருந்து எடுத்து வந்து, மூளியான ஒரு கிண்ணத்தில் வைத்திருப்பான். ஒரு நட்டை முழுசாக முறுக்கியதும், தீக்குச்சியில் தொட்டு, நட்டிலிருந்து இஞ்சின் வரைக்கும் ஒரு கோடு இழுப்பான். காய்ந்துவிடும். என்றைக்காவது நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"பேட்டையில கேலி பண்ணுவோம்ணே" என்றான் கருப்பன். "நட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டாரு, வண்டிக்கு இன்னைக்குப் பொண்ணு பாக்க வராங்கன்னு. 'ஒம் மூஞ்சிக்கு எவ வருவா, இதுக்காவது வரட்டும்'பாரு." சிரிக்க வாயெடுத்தவன், வாசலில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

கோதண்டபாணி காற்றுக் குழாயின் கிளிப்பைத் தளர்த்திப் பிடுங்கி ஓரமாக மடக்கினான். பிறகு நட்டுகளைப் பார்த்தான். முறுக்குவது நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் போகும். நடுவில் இருந்த நான்கிலும் கோடு மயிர்போல் நேராக இருந்தது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தபோது ஒவ்வொன்றும் 'டக்' என்று சத்தம் கொடுத்துத்தான் விட்டது. ஐந்தாவதில் கோடு தடித்திருந்தது. நட்டு சத்தமில்லாமல் சுழன்றது. ஆறாவதில் தீக்குச்சி இல்லை, விரலால் இழுத்திருந்தது. பாதியில் கோணி, துடைத்து, மறுபடி இழுத்திருந்தது. அந்த நட்டைச் சுண்டுவிரல் பலத்தில் கழற்ற முடிந்தது. ஏழாவதுக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. எட்டாவது, நுனி மரையில் இரண்டு சுற்று ஏறி நின்றது. அதைச் சுற்றிலும் வெள்ளை அப்பிக் கிடந்தது, கோடாக இல்லாமல் ஒரு கொத்தாக.

முறுக்காத நட்டுக்கு அண்ணன் ஒருநாளும் கோடு இழுத்ததில்லை. இதை முறுக்கிவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறான்.

எட்டு நட்டும் கோதண்டபாணியின் உள்ளங்கையில் இருந்தன. அரைமணி நேரம் ஆகியிருக்குமா? அதற்கு மேலேயா? வலியோடு, துணிகளை உருவ ஆரம்பித்து, மூன்றோடு மறந்து, மேனிபோல்டைத் தூக்கி மாட்டி, எட்டு நட்டு. நடுவே தெருப்பக்கம் போய் ஒரு வாந்தி. இத்தனைக்கும் சமையலறை ஜன்னல் எட்டிப் பிடிக்கிற தூரம்.

கருப்பனும் நட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனிபோல்டைக் கழற்றித் தூக்கியபோது மூன்றாவது வாயில் மஞ்சள் தெரிந்தது. கோதண்டபாணி அதை மெதுவாக, நூல் எதுவும் உள்ளே தங்கிவிடாமல் உருவினான். ஓரத்தில் பச்சைச் சரிகை. அண்ணியின் சேலைத் தலைப்பு. சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

"தம்பி."

கனகா செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கோதண்டபாணி நட்டுகள் இருந்த கையை மூடிக்கொண்டு, இஞ்சினுக்கு முன்னால் நகர்ந்தான்.

"நீங்க ஏன் அண்ணி வெளிய வரீங்க?"

"கெடச்சுதா?"

"கெடச்சுது. கீழதான் வுழுந்து கெடந்துச்சு. டயரு பக்கத்துல."

"அப்ப, எடுத்துட்டுத்தான் மூடியிருக்காரு."

"ஆமாண்ணி."

"அப்பறம் ஏன் கழட்டறீங்க?"

கோதண்டபாணி செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். தண்ணீர் சட்டையில் வழிந்தது. "கேஸ்கட்டு சரியா ஒக்காரல அண்ணி. அதான்."

அவள் போகவில்லை. "கரண்டு பூடும்னு மாவு சீக்கிரமே போட்டேன். அது ஓடறப்ப ஒண்ணும் காதுல வுழாது, ஒங்களுக்குத் தெரியுமே. கரண்டு போனப்பறந்தான் ஸ்பேனர் சத்தமே இல்லன்னு தெரிஞ்சுது. அப்பவும் மாவ வழிச்சு வெச்சுட்டுத்தான் வந்தேன்." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்தாள். "நர்ஸம்மா ஆறுதலுக்குச் சொல்லுவாங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. நீங்க இஞ்சின் பாக்கறவரு. இதப் பாத்தா ஒங்களுக்குத் தெரியும்ல?"

பறைச் சத்தம் நெருங்கி வந்து மறுபடி தள்ளிப் போனது.

"ஒரு நொடிதான் அண்ணி."

"பாத்துத்தான் சொல்றீங்களா?"

"பாத்துத்தான். எட்டு நட்டும் முறுக்கிட்டாரு. கடேசி நட்டுக்கும் கோடு இழுத்துட்டாரு. அதுக்கு அப்பறந்தான்..."

"வேல முடிச்சுட்டு."

"முடிச்சுட்டு."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். வேல முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, காலிச் செம்போடு உள்ளே போனாள். கூடத்திலிருந்து அவள் குரல் யாரிடமோ அதையே சொல்வது கேட்டது.

கோதண்டபாணி திரும்பியபோது, கருப்பன் ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால், மண் மேடாக இருந்த இடத்தின் மேல் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"எடஞ்சலா இருந்துச்சு" என்றான்.

"ம்."

வேலை அதிகம் இல்லை. பையிலிருந்த துணியை எடுத்து, இஞ்சினில் வெள்ளை பட்ட இடங்களையெல்லாம் தண்ணீர் தொட்டுத் துடைத்தான். ஆறாவது நட்டு இருந்த இடம். எட்டாவது நட்டு இருந்த இடம். நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தான். நான்கு வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். கசிவை அடைக்கிற கேஸ்கட்டை ஒட்டவைத்து, மேனிபோல்டைத் தூக்கிச் சொருகினான். நட்டுகளைக் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு சுற்று, பிறகு முழு பலத்தோடு இன்னொரு சுற்று. இப்போது எட்டும் ஒரே மாதிரி இறுகியிருந்தன. யார் வந்து கழற்றினாலும் எட்டும் ஒரே மாதிரி சத்தம் கொடுக்கும்.

கருப்பன் மூளிக் கிண்ணத்தை நீட்டினான். குழம்பு காய்ந்து பாளமாகியிருந்தது. "தண்ணி ஊத்திக் கரைக்கட்டா? பொட்டு?"

"வேணாம்."

அண்ணன் மகன் அன்பரசன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தவன், பையைக்கூட இறக்காமல் ஐஸ் பெட்டியின் மேல் விழுந்தான். பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பிக்கப்பின் தொட்டியில் பாய் விரித்து, கொளஞ்சியப்பனைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். தலையணைக்குப் பதிலாக ஆதிலட்சுமி வைக்கோலைச் சுருட்டி வைத்தாள். "இது அவனுக்குப் பழக்கந்தான்" என்றாள்.

மகன் தீச்சட்டியோடு முன்னால் நின்றான். கோதண்டபாணி இடது கதவு வழியாக ஏறி, நகர்ந்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது. புகை இல்லை. விசில் இல்லை. அந்த வண்டி இத்தனை சீராக ஓடி அவன் கேட்டதில்லை. வாசலில் இருந்த ஒரு உறவுக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இஞ்சின் நல்லா இருக்குது. வித்தா நல்லா போவும்."

வண்டி வைக்கோல் அடுக்கை விட்டு மெதுவாக முன்னால் நகர்ந்தது. வீட்டு வாசல் வலப்பக்கம் வந்தது. படியில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் அதற்கு மேல் வருவதில்லை. கனகாவை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். "வேல முடிச்சுட்டுப் போறியே, என் ராசா, வேல முடிச்சுட்டு..." என்று அவள் குரல் மற்றவர்களுக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. வண்டி அவளுக்கு நேராக வந்தபோது அது நின்றது.

கோதண்டபாணி ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் தொட்டியில் கிடந்தவனையும் பார்க்கவில்லை. அவன் முழங்கைக்குக் கீழே, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கடந்து போனது. பக்கவாட்டுக் கண்ணாடியில், அழுகிற பெண்களுக்கு நடுவே அவள் மட்டும் வாய் மூடி நிற்பது தெருத் திரும்பும் வரைக்கும் தெரிந்தது.

மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை. கரையில் எல்லாம் முடிந்தது. மொட்டையடித்த தலையோடு அன்பரசன், ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தான். பிணம் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் வீட்டுக்கு ஓட்டிப் போகக்கூடாது. கருப்பன் ஊற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினான். பூவும் வைக்கோலும் மிதந்து வழிந்தன. பானெட்டில் ஊற்றினான். இடது கதவில் ஊற்றினான். அடுத்த வாளியோடு வலப்பக்கம் போனவனிடமிருந்து சத்தம் வரவில்லை.

கோதண்டபாணி சுற்றிக்கொண்டு போனான்.

டிரைவர் கதவின் அடிப்பாகத்தில், தரையில் உட்கார்ந்திருப்பவனின் கை எட்டுகிற உயரத்தில், வெள்ளை உள்ளங்கைகள். ஒன்று இல்லை. ஒரே இடத்தில், அறைந்து அறைந்து ஒன்றின் மேல் ஒன்றாக, எத்தனை என்று எண்ண முடியாதபடி. மேலே இருந்தவற்றில் ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. ஓரத்தில் இருந்தவை மங்கலாக, விரல் நுனிகள் மட்டும்.

கருப்பன் வாளியைத் தூக்கிய கையோடு நின்றான்.

"இதயும் கழுவிடவா அண்ணே?"

கோதண்டபாணியின் கை சட்டைப் பைக்குப் போனது. ஈரத்துணி அங்கே இருந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

"அண்ணி பாத்துட்டாங்க" என்றான்.

கருப்பன் தூக்கிய கையை இறக்கினான். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மீதித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். அவர்கள் கிளம்பும்போது வண்டி முழுவதும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கதவு மட்டும் உலர்ந்திருந்தது.